டோக்கியோ மாநகரில் கண்ட சிலைகள்

அயல்நாடு சென்று மீள்வோர் ஆங்குள்ள வானளாவிய மாடங்களையும், காற்றினுங் கடுகி ஓடும் இரயில் வண்டிகளையும் வியந்து கூறுதல் இயல்பு. ஜப்பான் தேசத்தின் தலைநகராகிய டோக்கியோவுக்குச் சென்று வந்த யானும் அவற்றைக் கண்டு வியந்தேன் என்பது உண்மையே. ஆயினும் இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு யான் கூற விரும்புவது அவற்றைப் பற்றியன்று. அம்மாநகரில் யான் நாடிச் சென்று கண்ட சில சிலைகளைப் பற்றியே ஆம்.

சிலைகளை நாடியதற்கு ஒரு காரணம் உண்டு. இக்கல்லூரியில் எமக்குத் தமிழ் கற்பித்து, ஓய்வு பெற்று, பின்னர்க் காலஞ்சென்ற ஆசிரியர் ஒருவருக்கு வெண்கலச் சிலையொன்று எடுப்பித்தல் வேண்டும் என்று பழைய மாணவர் சிலர் விரும்பினர். வேறு சிலரோ, "சிலை எதற்கு? அப்பொருளைக் கொண்டு ஏழை மாணவர் இருவர்க்குச் சம்பளம் கட்டினால் ஆசிரியர் ஆவி மகிழுமே" என்றனர். இரு கட்சியார் கூறுவதும் எனக்கு நியாயமாகவே தோன்றிற்று. எப்பக்கம் சேர்வது என்று துணியாத நிலையிலேயே யான் பிரயாணப்பட்டேன். ஆதலின் அந்நகரத்துச் சிலை ஒவ்வொன்றின் முன்னும் நின்றபொழுது, "இதனை எடுப்பித்தவர் யார்? எதற்காக எடுப்பித்தனர்? இன்று இதனிடத்து வருவோர் யார்?" என்னும் மூன்று வினாக்களும் என் உள்ளத்தே எழுந்தன.

என்னுடன் ஒருங்கு பயின்ற நண்பர் ஒருவர் டோக்கியோவில் ஓர் ஆராய்ச்சிச் சாலையிற் பல்லாண்டுகளாக அலுவல் புரிந்து வருகின்றனர். ஜப்பானிய மொழியை வீட்டுமொழி போலப் பேசுபவர். அவர் நான்கு நாள் விடுப்புப் பெற்று எனக்கு வழிகாட்டியாய் வந்தனர். சிலைகளைக் காண விரும்புகின்றேன் என்று யான் கூறியதும் அவர் சிறிது நகைத்து, "இந்நகரம் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குள் இருமுறை எரிந்து சாம்பலாயிற்று, ஐயா. 1923-ஆம் ஆண்டில் நிலநடுக்கத்தால் ஒரு முறை. 1945-ஆம் ஆண்டில் குண்டுவீச்சால் மறுமுறை. ஆதலின் இங்கே நிற்கின்ற சிலைக்கும் ஒரு கதை உண்டு; நில்லாது போன சிலைக்கும் ஒரு கதை உண்டு. இரண்டையும் கேட்பதானால் வாரும்" என்றனர்.

முதல் நாள், அரண்மனையைச் சூழ்ந்த பகுதிகளுக்குச் சென்றோம். புத்தர் முதலான தெய்வ வடிவங்களை மரத்தினாலும் வெண்கலத்தினாலும் சமைப்பதில் ஜப்பானியர் பன்னூறு ஆண்டுகளாகக் கைதேர்ந்தவர். ஆயின், மக்களுள் ஒருவரைப் பொதுவிடத்திலே பீடத்தின்மேல் நிறுத்திக் காட்டும் வழக்கத்தை மேனாட்டாரிடமிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அவர்கள் மேற்கொண்டனர். அம்முறையில் அந்நாட்டில் முதன்முதல் எழுந்தது, யசுகுனி ஆலயத்து முன்றிலில் 1893-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஓமுரா மசுஜிரோ என்பவரின் சிலை. அவர் புதிய முறையில் தேசத்துப் படையை அமைக்கத் தலைப்பட்டு, 1869-ஆம் ஆண்டில் பகைவரால் வெட்டுண்டு, அப்புண்ணால் மாண்டவர். சிலை மிக உயர்ந்த தூணின்மேல் நிற்கின்றது. கழுத்து நோவ அண்ணாந்து பார்த்தும் அவர் முகத்தை என்னால் நன்கு காண இயலவில்லை. பெருமையை உயரத்தால் அளந்த காலத்துச் சிலை அது என்று எண்ணிக்கொண்டேன்.

அரண்மனையின் புறத்தோட்டத்தில், கருமையான தேவதாரு மரங்களின் நடுவே, குதிரைமீது இவர்ந்து வரும் வீரர் ஒருவரின் வடிவத்தைக் கண்டோம். அவர் குசுனோக்கி மசஷிகே. கோ-தைகோ என்னும் சக்கரவர்த்தியின் பக்கம் நின்று, தோல்வி உறுதி என்று அறிந்தும் ஆணைக்கு அடங்கிப் போர்க்களம் சென்று, 1336-ஆம் ஆண்டில் மினதோகாவா என்னுமிடத்தில் உயிர் துறந்தவர். சுமிதோமோ என்னும் வணிகக் குடும்பத்தார், தமக்குரிய பெஸ்ஷி சுரங்கத்துச் செம்பைக் கொண்டு இச்சிலையைச் சமைப்பித்தனர். 1900-ஆம் ஆண்டில் அஃது இவ்விடத்தே நிறுவப்பட்டது. வீரரின் முகத்தைத் தகமுரா கோஉன் என்னும் சிற்பியும், குதிரையைக் கோதோ சதயுகி என்பவரும் அமைத்தனர். குதிரையின் நரம்பு புடைத்திருப்பதும், கடிவாளம் இழுக்க அதன் கழுத்து வளைந்திருப்பதும் உயிருள்ளன போலவே தோன்றுகின்றன. இரண்டாம் உலகப் போர் முடியுமளவும், அரச பக்திக்கு இலக்காக இவரையே பள்ளிச் சிறுவர்க்கு எடுத்துக் காட்டினர். அப்போரின்போது நாடெங்கும் உலோகச் சிலைகள் பல உருக்கப்பட்டும், இச்சிலை தீண்டப்படாது தப்பிற்று. யாம் அங்கு நின்ற ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு வண்டிகளில் வந்த யாத்திரிகர் குதிரையைப் படம் பிடித்துச் சென்றனர். ஏறியிருப்பவர் யாவர் என்று வினவியவரை யான் கண்டிலேன். சிற்பத்தின் அழகு நிலைத்தது. அது கற்பிக்கக் கருதிய பாடம் நிலைக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் உயெனோ என்னும் குன்றின் மேலுள்ள பூங்காவை அடைந்தோம். அதன் தென்வாயிலில் சைகோ தகமோரி என்பவரின் சிலை நிற்கின்றது. முன்னைய சிலையிற் பங்கு கொண்ட தகமுரா கோஉன் என்பவரே இதனையும் சமைத்தவர். உடனிருக்கும் நாயின் வடிவத்தை அமைத்தவர் அதே கோதோ சதயுகி. 1898-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இது திறக்கப்பட்டது. சைகோ, 1868-ஆம் ஆண்டில் பழைய ஷோகுன் ஆட்சியை வீழ்த்திப் புதிய அரசாங்கத்தை நிறுவிய தலைவர்களுள் முதன்மையானவர். பின்னர் அவ்வரசாங்கத்தோடு மாறுபட்டு, அதனை எதிர்த்தெழுந்த படைக்குத் தலைமை தாங்கி, 1877-ஆம் ஆண்டில் தோற்று மாண்டவர். இராஜத் துரோகி என்று இகழப்பட்ட அவர் 1889-ஆம் ஆண்டில் மன்னிக்கப்பட்டார். அதன்பின் பொதுமக்கள் அளித்த பொருளைக் கொண்டு இச்சிலை எழுந்தது.

இச்சிலையின் கோலமே எனக்கு வியப்பாயிருந்தது. படைத்தலைவர்க்குரிய உடையோ பதக்கங்களோ இல்லை. நாட்டுப்புறத்தார் உடுக்கும் எளிய ஆடையை முழங்காலளவு உடுத்து, வைக்கோற் செருப்பணிந்து, நாயொன்றைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு, முயல் வேட்டைக்குப் புறப்பட்டவர் போலப் பருத்த உடலோடு நிற்கின்றார். அரசை எதிர்த்தவர்க்குப் படையுடை அணிவித்தல் ஆகாது என்ற தயக்கமே இதற்குக் காரணம் என்பர். சைகோவின் நிழற்படம் என்று ஐயமின்றிக் கூறத்தக்கது ஒன்றும் கிடைத்திலது. திறப்பு விழாவிற்கு வந்த அவர் மனைவியார் சிலையைப் பார்த்து, தம் கணவர் இத்தகையர் அல்லர் என்று வருந்திக் கூறியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. ஆயினும் மக்கள் அதனைத் தம்முள் ஒருவராகவே கொண்டுவிட்டனர்.

அவ்வாறு கொண்டனர் என்பதற்குச் சான்று 1923-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் முதல் தேதி நண்பகலில் நிலம் நடுங்கிற்று. உலைகளிலிருந்து பரவிய தீ நகரத்தை விழுங்கிற்று. ஏறக்குறைய 1,05,000 மக்கள் மாண்டனர். எஞ்சியோர் இவ்வுயெனோக் குன்றிற் கூட்டங்கூட்டமாய் வந்து தங்கினர். தாயை இழந்த பிள்ளைகளும், பிள்ளைகளைக் காணாத தாயரும், தாம் தேடுவோரின் பெயரைக் காகிதத்தில் எழுதிச் சைகோவின் சிலையிலும் பீடத்திலும் ஒட்டினர். அக்காலத்து நிழற்படங்களிலே இக்காட்சியை இன்றும் காணலாம். எழுத்துச் சீட்டுக்கள் மேலும் மேலும் ஒட்டப்பெற்று அவர் மேனியை மூடியிருக்கின்றன. அத்துன்பக் காலத்தில் அவரை வெண்கலம் என்று எவரும் கருதியிலர். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சென்று முறையிடுவாரைப் போலவே சென்றிருக்கின்றனர். இதனை என் நண்பர் கூறியபோது சிறிது நேரம் என்னாற் பேச இயலவில்லை.

சைகோவின் பின்புறம் சில அடி தூரத்தில், மரநிழலில், மற்றொரு நினைவிடம் இருக்கின்றது. பெரும்பாலார் அதனை நோக்காமலே செல்கின்றனர். 1868-ஆம் ஆண்டில் இக்குன்றிலே புதிய அரசாங்கத்துப் படையை எதிர்த்து மடிந்த ஷோகிதாய் வீரரின் சமாதி அது. அன்று குன்றின் வாயிலைத் தாக்கியோருள் சைகோவின் படையும் ஒன்று. வென்றோர் ஆட்சிக்கு அஞ்சி, அச்சமாதியில் அவர்கள் கூட்டத்தின் பெயரைப் பொறிக்கவில்லை. போரில் மாண்டோர் சமாதி என்னும் பொருளுடைய எழுத்துக்களே காணப்படுகின்றன. வென்றவரும் தோற்றவரும் முதுகோடு முதுகாக ஒரு குன்றின்மேல் இருக்க, வென்றவரும் பின்னொருகால் தோற்றவராயினர் என்பதை நினைந்தால், வெற்றிக்கென்று சிலை எடுப்பதில் ஒரு பேதைமை உண்டு என்பது விளங்கும்.

அப்பூங்காவிலேயே, மாணவ நண்பர்கள் அறிந்து மகிழத்தக்க ஒரு முகம் இருக்கின்றது. முகம் என்றே கூறினேன், உடல் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கே பெரிய புத்தர் சிலை ஒன்று அமைக்கப்பட்டது. நிலநடுக்கங்களால் அது பலமுறை சிதைவதும், மீண்டும் செப்பனிடப்படுவதுமாக இருந்தது. 1923-ஆம் ஆண்டு நடுக்கத்திலும் அதன் தலை கீழே விழுந்தது. பின்னர்ப் போர்க்காலத்தில் உலோகம் வேண்டி உடலை எடுத்துச் சென்றுவிட்டனர். அருகிலுள்ள ஆலயத்தார் காத்து வைத்திருந்த முகம் மட்டும் 1972-ஆம் ஆண்டில் ஒரு சுவரிற் பதிக்கப்பெற்றது. கண்களைத் தாழ்த்தி அமைதியாய் இருக்கும் அம்முகத்தின் முன், தேர்வெழுதச் செல்லும் மாணவர்கள் வந்து வணங்குகின்றனர். ஏனெனில், விழுதலையும் தேர்வில் தவறுதலையும் ஜப்பானியர் ஒரே சொல்லாற் குறிப்பர். "இனி விழுவதற்கு ஒன்றுமில்லாத புத்தர் இவர், ஆதலின் இவரை வணங்கினால் தாமும் விழார் என்பது அவர்கள் நம்பிக்கை" என்று நண்பர் விளக்கினர். அவ்விடத்து மரச்சட்டத்திற் கட்டித் தொங்கவிட்டிருந்த வேண்டுதற் பலகைகளைப் பார்த்து யாம் இருவரும், கணிதத் தேர்விற்கு முன் இரவு முழுதும் விழித்திருந்த நம் விடுதி நாட்களை நினைந்து நகைத்தோம். ஆயினும் அந்நகைப்பிற்குள்ளே ஓர் உண்மை இருந்தது. உடல் முழுதும் நின்ற காலத்திற் கிடைக்காத அன்பு, எல்லாம் இழந்து எஞ்சிய அம்முகத்திற்குக் கிடைத்திருக்கின்றது.

உயெனோவிலிருந்து அசகுசாவுக்கு நிலத்தடி இரயிலிற் சென்றோம். 1927-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவேதான் ஜப்பானின் முதல் நிலத்தடி இரயில் ஓடத் தொடங்கிற்று. அசகுசாவில் சென்சோஜி என்னும் பழம்பெரும் பௌத்த ஆலயம் இருக்கின்றது. 628-ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சகோதரர் இருவரின் வலையில், கருணைத் தெய்வமாகிய கன்னொன் வடிவம் ஒன்று சிக்கியதென்றும், அதற்கு எடுப்பித்த கோயிலே இதுவென்றும் கூறுவர். அம்மீனவரும் அருகிலுள்ள வேறொரு கோயிலில் வைத்துப் போற்றப்படுகின்றனர்.

வாயிலில் 3.9 மீட்டர் உயரமுள்ள செந்நிறக் காகித விளக்கு தொங்குகின்றது. அதனைக் கடந்தால் இருமருங்கும் கடைகள்; அவற்றைக் கடந்தால் புகை நறுமணம் கமழும் முற்றம். எள் போட்டால் விழாத கூட்டம். யானும் நெருக்குண்டு முன்சென்று, சந்நிதியை எட்டிப் பார்த்து, "அவ்வுருவம் எங்கே?" என்று கேட்டேன். "அதனை எவரும் காண்பதில்லை" என்றனர் நண்பர். ஆற்றிற் கிடைத்ததாகக் கூறப்படும் அவ்வுருவம் மறைபொருளாகவே வைக்கப்பட்டு, இன்றளவும் ஒருவர்க்கும் காட்டப்படுவதில்லை. அதற்கு ஈடாக அமைத்த மற்றொரு வடிவமும் ஆண்டில் ஒரு நாள், டிசம்பர் மாதம் 13-ஆம் தேதி மட்டுமே திறந்து காட்டப்படும். டோக்கியோவில் மிகுந்த மக்கள் நாடி வரும் உருவம், கண்ணாற் காணவொண்ணாத ஒன்று! 1945-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் தேதி இரவில் விழுந்த குண்டுகளால் இப்பகுதி முழுதும் எரிந்து, ஏறக்குறைய 1,00,000 மக்கள் மாண்டனர். 1649-ஆம் ஆண்டில் எழுந்த பெருமண்டபமும் அன்று சாம்பலாயிற்று. இப்போதுள்ள மண்டபம் 1958-ஆம் ஆண்டில் இரும்பும் சிமெண்டும் கொண்டு கட்டியது. கட்டடம் புதிது, உருவம் மறைவு, ஆயினும் வருவோர் குறைந்திலர். சிலை என்பது கண்ணுக்கு விருந்து என்று யான் கொண்டிருந்த கொள்கை அங்கே சற்று அசைந்தது.

மூன்றாம் நாள், அசகுசாவிலிருந்து புறப்படும் அதே நிலத்தடிப் பாதையின் மறுகோடியாகிய ஷிபுயாவை அடைந்தோம். நாற்புறமும் விளக்குகள் மாறுந்தோறும் மக்கள் வெள்ளம் மடை திறந்தாற்போற் சாலையைக் கடக்கும் இடம் அது. நிலையத்து வாயிலில், உயரமில்லாத பீடத்தின்மேல், ஒரு காது சற்றே மடிந்த நாயின் சிலை அமர்ந்திருக்கின்றது. அதன் பெயர் ஹாச்சிகோ.

அந்நாய் 1923-ஆம் ஆண்டில் அகிதா மாகாணத்திற் பிறந்தது. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பொறியியல் கற்பித்த பேராசிரியர் உயெனோ ஹிதெசபுரோ அதனை வாங்கி வளர்த்தனர். (யாம் முன்னர்க் கண்ட பூங்காவின் பெயரும் இவர் பெயரும் ஒத்திருத்தல் தற்செயலே.) அவர் வெளியே செல்லும்போது நாயும் உடன் செல்லும், திரும்பும் வேளையில் எதிர்கொண்டு அழைக்கும். 1925-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், கல்லூரிக்குச் சென்ற பேராசிரியர் அங்கேயே நோயுற்று மாண்டனர். நாய் இதனை அறியாது. ஏறக்குறைய பத்தாண்டுகள், இரயில் வரும் நேரமறிந்து ஷிபுயா நிலையத்திற்கு வந்து, இறங்குவோர் முகத்தை ஒவ்வொன்றாய்ப் பார்த்துத் திரும்பிற்று. தொடக்கத்தில் அதனை அடித்துத் துரத்தியவரும் உளர். 1932-ஆம் ஆண்டில் ஒரு செய்தித்தாள் அதன் வரலாற்றை வெளியிட்டபின், துரத்தியவரும் அன்பு காட்டலாயினர். 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஆந்தோ தெரு என்னும் சிற்பி சமைத்த சிலை திறக்கப்பட்டபோது, அவ்விழாவிற்கு ஹாச்சிகோவே வந்திருந்தது! தன் சிலைத் திறப்பைத் தானே கண்ட நாய் அது. ஆயின் அது காண விரும்பிய முகம் அக்கூட்டத்தில் இல்லை. 1935-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8-ஆம் தேதி அஃது இறந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே மிக நினைக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே அரசாங்கத்தார் இக்கதையை நீதிபோதனைப் பாடநூலிற் சேர்த்து, செய்ந்நன்றி மறத்தலாகாது என்று சிறுவர்க்குக் கற்பித்தனர். பத்தாண்டு கழியுமுன், போருக்கு உலோகம் வேண்டும் என்று, அதே நாயின் சிலையை 1944-ஆம் ஆண்டில் பீடத்தினின்றும் இறக்கிக் கொண்டுபோய்ப் பின்னர் உருக்கிவிட்டனர். நன்றி கற்பித்த உலோகத்தைக்கூட நன்றியின்றி உருக்குவது போர். சிற்பி ஆந்தோ தெருவும் 1945-ஆம் ஆண்டு மே மாதக் குண்டுவீச்சில் மாண்டனர். போர் முடிந்தது, நாடு தோற்றது, உண்ண உணவும் உடுக்க உடையும் அரிதாயின. அவ்வறுமைக் காலத்திலேயே, 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அச்சிற்பியின் மைந்தர் ஆந்தோ தகேஷி மீண்டும் ஹாச்சிகோவைச் சமைத்து அவ்விடத்தே அமர்த்தினர். இப்போது யாம் காண்பது மைந்தர் செய்த சிலை. தந்தை செய்தது அழிந்தும், நாய் தன் இடத்திற்குத் திரும்பிவிட்டது.

"நிலையத்தருகே விற்ற இறைச்சித் துண்டுகளுக்காகவே அந்நாய் வந்தது என்று கூறுவாரும் உளர்" என்றனர் நண்பர். இருக்கலாம், நாய்க்கும் பசி உண்டு. ஆயினும் அதனை அடித்துத் துரத்திய ஆண்டுகளில் அங்கே அதற்கு விருந்து வைத்தவர் எத்துணைப் பேர்? இவ்வாறு யான் கூறிக்கொண்டிருக்கையில், பள்ளிச் சீருடை அணிந்த சிறுமி ஒருத்தி சிலையின் அருகே வந்து நின்று, கூட்டத்தில் ஒருவரையொருவராய் நோக்கிக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் முதியவர் ஒருவர் கோலூன்றி வர, அவள் ஓடிச் சென்று அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள். டோக்கியோ மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கக் குறிக்கும் இடம் ஹாச்சிகோவின் முன்னிலையே. காத்திருந்த நாயின் அருகே காத்திருத்தலை ஒரு நகரமே வழக்கமாகக் கொண்டுவிட்டது. இதனினுஞ் சிறந்த பூசை ஒரு சிலைக்கு உண்டோ?

அன்று பிற்பகல், நண்பர் என்னை டோக்கியோ பல்கலைக்கழகத்தின் வேளாண்மைக் கல்லூரி வளாகத்திற்கு அழைத்துச் சென்றனர். வாயிலுக்கு அண்மையில் மற்றொரு சிலை. ஹாச்சிகோ இறந்து 80 ஆண்டுகள் நிறைந்த 2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8-ஆம் தேதி திறந்து வைத்தது. இங்கே நாய் அமர்ந்திருக்கவில்லை. பின்னங்கால்களில் எழுந்து தாவி நிற்கின்றது. எதிரே, பயணத்திலிருந்து மீண்டவர் போல, தொப்பியும் மேலாடையும் அணிந்த பேராசிரியர் குனிந்து அதனைத் தழுவ முகமலர்ந்து நிற்கின்றார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் இருவரும் சந்தித்துவிட்டனர்! பீடம் உயர்ந்ததன்று. யாம் நின்றபோது மாணவர் சிலர் புத்தகங்களோடு அவ்வழியே சென்றனர். ஒருவர் மட்டும் நடந்துகொண்டே நாயின் முதுகைத் தடவிச் சென்றனர். உயெனோ ஹிதெசபுரோ தம் துறையில் முன்னோடி. அந்நாட்டு வயல்களைத் திருத்தியமைக்கும் கலையைப் பலர்க்குக் கற்பித்தவர். ஆயினும் உலகம் அவர் பெயரை அறிந்தது அவர் நூல்களாலன்று. அவர்க்காகக் காத்திருந்த ஓர் உயிரின் அன்பினால்.

நான்காம் நாள், ஊர் திரும்புமுன், ஜோஜோஜி என்னும் ஆலயத்திற்குச் சென்றோம். ஷோகுன்கள் அறுவரின் சமாதி அங்கே உள்ளது. ஆயினும் என்னைத் தடுத்து நிறுத்தியவை அவையல்ல. ஆலயத்தின் ஒரு மருங்கே, முழங்காலளவும் வாராத சின்னஞ்சிறு கற்சிலைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவை ஜிஸோ எனப்படும் குழந்தை காக்கும் போதிசத்துவர் வடிவங்கள். குழந்தைகளின் நலம் வேண்டியும், பிறவாமுன்னே இறந்த சிசுக்களின் நினைவாகவும் அவை நாட்டப்பட்டவை. ஒவ்வொன்றின் தலையிலும் செந்நிறக் குல்லாய், கழுத்திற் செந்துணி, அருகே காற்றிற் சுழலும் காகிதக் காற்றாடி. ஒரு மாது குந்தியிருந்து, மழையில் நிறம் மங்கிய குல்லாயைக் கழற்றிவிட்டுப் புதிதொன்றை அணிவித்து, அதன் விளிம்பைக் காதளவும் இழுத்துச் சரிசெய்தாள். குளிரும் என்று அஞ்சினாள் போலும். யாம் ஓசையின்றி அப்பால் நடந்தோம். அச்சிலைகளில் பெயர் இல்லை. செய்த சிற்பியின் பெயரும் இல்லை. டோக்கியோவில் யான் கண்டவற்றுள் இவற்றினும் நன்கு பேணப்படுவன வேறில்லை.

அவற்றின் பின்னே வானத்தைத் தொட நிற்கின்றது 333 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ கோபுரம். 2012-ஆம் ஆண்டில் 634 மீட்டர் உயரத்தில் வேறொரு கோபுரம் எழுந்தபின்னும், நகரத்தார் இதனிடத்துக் கொண்ட அன்பு குறைந்திலது என்றனர் நண்பர். 1958-ஆம் ஆண்டில் இதனைக் கட்டியபோது நல்ல உருக்கு அரிதாயிருந்தமையால், கொரியப் போரில் ஈடுபட்டுப் பழுதான அமெரிக்க டாங்கிகளை உருக்கி, அவ்வுலோகத்தையும் இதன் மேற்பகுதிக்குப் பயன்படுத்தினர். நாயின் சிலையைப் போருக்கென்று உருக்கிய நகரம், போர் வண்டிகளை உருக்கிச் செய்திகளையும் பாடல்களையும் பரப்பும் கோபுரம் எடுத்தது. உலோகத்திற்கு மனமில்லை, அதனை வார்ப்பவர் மனமே அதன் மனம்.

நிற்க. இவற்றையெல்லாம் கண்டபின் என் ஐயத்திற்கு விடை கிடைத்ததா என்று நண்பர்கள் வினவலாம். ஒருவாறு கிடைத்தது என்றே கூறுவேன். உயர்ந்த தூணும் உயரிய சிற்பமும் ஒருவர் நினைவைக் காவா. முகம் ஒத்திராவிடினும் சிலை வாழும். உடல் போய் முகமே எஞ்சினும் வாழும். கண்ணிற் படாது மறைந்திருப்பினும் வாழும். உருக்கப்பட்டாலும் மீண்டு வரும். ஆயின் நாடி வருவோர் இல்லையேல், நின்றுகொண்டிருக்கும்போதே அஃது இறந்துபோகும். சிலை எடுப்பிப்பது ஓராண்டின் முயற்சி. அதனிடத்து வருவது பல தலைமுறையின் முயற்சி. முன்னதற்குப் பொருள் போதும். பின்னதற்கு அன்பு வேண்டும்.

ஆதலின் இரு கட்சியாரும் மாறுபட வேண்டுவதில்லை என்பது என் கருத்து. ஏழை மாணவர் இருவர்க்கு உதவி முதலில் அமைக. அவ்வுதவி பெற்றோர் கற்றுத் தேறி, ஆண்டுதோறும் ஆசிரியர் மறைந்த நாளில் ஒருங்கு கூடி, அவர் விரும்பிக் கற்பித்த நூலொன்றைத் தமக்குப் பின்வரும் மாணவர்க்கு ஒரு மணி நேரம் படித்துக் காட்டுக. பத்தாண்டுகள் அவ்வாறு கூடியபின்னும் சிலை வேண்டும் என்று அவர்கள் விரும்பினால், அப்போது எடுப்பிக்கலாம். அதற்கும் செல்வர் ஒருவரிடம் பெருந்தொகை வாங்காது, படித்தவர் ஒவ்வொருவரும் இயன்ற சிறுதொகை தருக. உயர்ந்த தூண் வேண்டா. கம்பி வேலியும் வேண்டா. மாணவர் வகுப்பிற்குச் செல்லும் வழியில், தோளைத் தொட்டுச் செல்லத்தக்க உயரத்தில் இருந்தாற் போதும். இக்கருத்தைப் பழைய மாணவர் சங்கத்தார்க்கு எழுதி, என் பங்கிற்குரிய சிறுதொகையையும் உதவி நிதிக்கென்று அனுப்பியிருக்கின்றேன்.